சன்னத்தைக் கேட்டுவிட்டுக் குழலைத் தேடு

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று கம்பனிகளின் பெயர், மூன்று விலை, எதை வாங்கலாம் என்ற ஒரே கேள்வி. இங்கிலாந்தின் பிஸ்லியில் 1,000 யார் தூரத்துக்குச் சுட வேண்டும், வாங்கிய பழைய ரைபிளின் குழல் தேய்ந்துவிட்டது, புதுக் குழல் போட வேண்டும், லேத்தில் ஆயுளைக் கழித்த மாமாவுக்குத்தான் இது தெரியும் என்று எழுதியிருக்கிறாய். பதிலைத் தபாலில் உனக்கு மட்டும் அனுப்பாமல் பத்திரிகைக்குத் தருகிறேன். டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை என்று இந்தப் பக்கத்திலிருந்து வெளிநாடு போன பிள்ளைகளில் உன்னைப் போல இந்த விளையாட்டைத் தொட்டவர்கள் வேறும் இருப்பார்கள். கேட்க ஆள் இல்லாததால் விற்கிறவன் சொல்வதையே வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள்.

மூன்று பெயரில் எதையும் நான் பொறுக்கித் தரப்போவதில்லை. மூவரும் நல்ல வேலைக்காரர்கள். நீ கேட்ட வரிசைதான் பிசகு. எந்தச் சன்னத்தைச் சுடப்போகிறாய், எத்தனை யாருக்கு, எந்தப் போட்டியின் விதிப்படி? இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் குழலின் முக்கால்வாசி தானாகத் தீர்மானமாகிவிடும். மிச்சக் கால்வாசிக்குத்தான் கம்பனி, காசு, பேர் எல்லாம்.

இதற்கு நம் மலைநாட்டோடு ஒட்டிய பழைய கதை ஒன்று இருக்கிறது. 1900இல் கண்டியைத் தலைமையிடமாக வைத்து சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர் என்ற தொண்டர் படை உருவானது. தோட்டத்துப் பெரிய துரை, சின்னத் துரைமாரின் படை. வெள்ளைக்காரருக்கு மட்டுமே இடம். கொழுந்து பறித்தவர்களும் கவ்வாத்து வெட்டியவர்களும் அதன் வாசலைக்கூட மிதித்ததில்லை. 1902இல் அந்தப் படையிலிருந்து ஒரு பிரிவு தென்னாபிரிக்காவுக்குப் போயர் யுத்தத்துக்குப் போனது. பின்னால் 1915இல் கலிப்பொலி வரைக்கும் போனது. 1949இல் படையைக் கலைத்துவிட்டார்கள்.

அந்தப் போயர் யுத்த காலத்தில் பிரிட்டிஷ் படைகளிடம் இருந்தவை லீ-மெட்ஃபர்ட் ரைபிளும் அதற்கு அடுத்து வந்த லீ-என்ஃபீல்டும். வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. வித்தியாசம் குழலுக்குள். மெட்ஃபர்ட் குழலில் ஆழமில்லாத, ஓரம் வளைந்த ஏழு பள்ளங்கள். கரிமருந்து விடும் அழுக்கு ஒட்டிக்கொள்ள மூலை இருக்கக் கூடாது என்று வில்லியம் மெட்ஃபர்ட் யோசித்துச் செய்த அமைப்பு அது. கரிமருந்துக்கு அதைவிட நல்ல குழல் அன்றைக்குக் கிடையாது என்பேன். ஆனால் ரைபிள் வந்து சில வருஷத்திலேயே கோர்டைட் என்ற புகையில்லா மருந்து வந்துவிட்டது. அதன் சூடு அந்த மெல்லிய மேடுகளை அரித்துத் தின்றுவிட்டது. 1895இல் ஆழமான, மூலை வெட்டிய ஐந்து பள்ளங்கள் கொண்ட என்ஃபீல்ட் குழலுக்கு மாறினார்கள். மெட்ஃபர்ட்டின் கணக்கில் பிழையில்லை, எந்த மருந்துக்காகக் குழல் செய்தாரோ அந்த மருந்துதான் மாறிப்போனது. குழல் நல்லதா கெட்டதா என்று தனியாகக் கேட்டால் பதில் கிடையாது என்று நான் சொல்வது இதனால்தான்.

எதிரே நின்ற போயர் விவசாயிகளின் கையில் 7 மில்லிமீட்டர் மவுசர். நீண்ட, பாரமான சன்னம். அதைச் சுழற்றி நிறுத்துவதற்கேற்ற இறுக்கமான புரி, 220 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று. தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுவது என்றால் என்ன என்பதை பிரிட்டிஷ் படை அவர்களிடம் அடிபட்டுத்தான் படித்தது. பிடிபட்ட போயர்களில் சுமார் ஐயாயிரம் பேரைக் கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து தியத்தலாவையில் அடைத்தார்கள் என்பது நீ பள்ளிக்கூடத்தில் படிக்காத பாடம்.

துப்பாக்கியைப் பற்றி எழுதும்போது இன்னொன்றையும் எழுதாமல் போக முடியாது. நம் சனங்களுக்குத் துப்பாக்கி என்றால் 1940 ஜனவரியில் முல்லோயாவில் பொலிஸ் சூட்டில் விழுந்த கோவிந்தனும், 1977இல் டெவன் தோட்டத்தில் விழுந்த சிவனு லெட்சுமணனும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். நீ ரைபிள் எடுத்தாய் என்றதும் உன் அம்மாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டதற்கு அர்த்தம் இருக்கிறது. அவரோடு வாதாடாதே. கடதாசி இலக்கில் ஓட்டை போடும் விளையாட்டு என்று மெதுவாக விளங்கப்படுத்து.

இனி உன் குழலுக்கு வருவோம். ரைபிளிங் என்று நீ எழுதியிருக்கும் புரி, சன்னத்தைப் பம்பரமாகச் சுழற்றி மூக்கு முன்னே நிற்கும்படி வைத்திருக்கிறது. எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதைத் தீர்மானிப்பது சன்னத்தின் நீளம். கடையில் எல்லாரும் எடையைச் சொல்லிக் கேட்பார்கள். ஒரே விட்டத்தில் எடை கூடினால் நீளமும் கூடும் என்பதால் அந்தப் பேச்சு ஓடுகிறது. உண்மையில் பார்க்க வேண்டியது நீளம். இதைத் தெளிவாகச் செய்து காட்டியவர் ஜோசப் விட்வர்த். 1853ஆம் ஆண்டு என்ஃபீல்ட், அதாவது இந்தியாவில் 1857 சிப்பாய்க் கலகத்துக்குத் தன் தோட்டாவால் வழிவைத்த அதே ரைபிள், 78 அங்குலத்துக்கு ஒரு சுற்றுத்தான் சுற்றியது. விட்வர்த் தன் அறுகோணக் குழலில் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்து, மெலிந்து நீண்ட சன்னத்தைப் போட்டார். நீ சேர்ந்திருக்கும் நெஷனல் ரைபிள் அசோசியேஷன் 1860 ஜூலையில் விம்பிள்டனில் முதல் போட்டியை நடத்தியபோது, தாங்கியில் பூட்டிவைத்த விட்வர்த் ரைபிளின் பட்டுக்கயிற்றை விக்டோரியா மகாராணி இழுக்க, 400 யார் தள்ளி இலக்கின் நடுவிலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குள் குண்டு போய் விழுந்தது. குறிவைத்த பெருமை மகாராணிக்குச் சேராது; அடித்தது குழல்.

வூல்விச்சில் கணிதம் படிப்பித்த ஆல்ஃபிரட் ஜோர்ஜ் கிரீன்ஹில் 1879இல் இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். சன்னத்தின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கு, அதை 150ஆல் பெருக்கு, வந்ததை சன்னத்தின் நீளத்தால் வகு. வேகம் அதிகமுள்ள இக்காலத் தோட்டாவுக்கு 150க்குப் பதில் 180 போடுவார்கள். உனக்கே போட்டுக் காட்டுகிறேன். பிஸ்லியின் டார்கெட் ரைபிள் போட்டியில் நீ சுடப்போவது .308, சன்னம் 155 கிரெயின். அதன் நீளம் 1.13 அங்குலம் என்று வை. 150 போட்டால் 12.6 அங்குலம் வரும். 180 போட்டால் 15.1. உலகம் முழுக்க இந்த வகைக் குழலை 13 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று செய்வது ஏன் என்று இப்போது விளங்கும். 12 கிடைத்தாலும் எடு. 14க்குப் போகாதே. சுற்று கொஞ்சம் கூடினால் உறை சமனில்லாத சன்னத்தின் குறை பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். சுற்று குறைந்தால் சன்னம் தள்ளாடி, 1,000 யாரில் இலக்குத் தாளையே தொடாது.

நாளைக்கு நீ எஃப்-டிஆர் என்ற போட்டி வகையின் பக்கம் தாவி, அதே .308இல் 200 கிரெயின் சன்னம் சுட ஆசைப்பட்டால் இந்தக் குழல் உதவாது. அதற்குப் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே குழல் என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடு.

டிக்கோயாவில் பிறந்தவளுக்கு மட்டும் ஒரு குறிப்பு. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 அடி. இங்கே காற்று கொழும்பைவிடப் பத்தில் ஒரு பங்கு மெல்லியது. மெல்லிய காற்றில் சன்னத்துக்கு இழுவை குறைவு; குறைந்த சுற்றிலேயே நிமிர்ந்து நிற்கும். பிஸ்லி தாழ்ந்த நிலம். அங்கே குளிர்காலத்துக் காற்று அடர்த்தி கூடியது, சுற்றும் கூட வேண்டும். ஆகவே குழலுக்குக் கணக்குப் போடும்போது நீ சுடப்போகும் இடங்களில் மிகத் தாழ்ந்ததையும் மிகக் குளிர்ந்ததையும் வைத்துப் போடு. மலைப்பாங்கான நாடுகளில் நன்றாக ஓடிய குழல் என்று யாரோ பாராட்டினார்கள் என்பதற்காக அதே சுற்றை வாங்காதே.

குழலுக்குள் புரி போடும் விதம் மூன்று. ஒற்றைக் கூர் வெட்டியை இழுத்து, ஒரு தடவைக்கு அங்குலத்தின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுரண்டி எடுப்பது ஒன்று. கடினமான கார்பைட் பொத்தானைக் குழலுக்குள் ஒரே இழுப்பில் இழுத்து உருக்கை நசுக்கி வரிபோடுவது இரண்டாவது. உள்ளே அச்சுக் கம்பியை வைத்து வெளியிலிருந்து சம்மட்டியால் அடித்து இறுக்குவது மூன்றாவது. படைத் துப்பாக்கிகளும் வேட்டை ரைபிள்களும் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. முதல் வகையா இரண்டாம் வகையா என்று குறிசுடுகிறவர்கள் ராத்திரி முழுக்கச் சண்டை பிடிப்பார்கள். இரண்டு வகையிலும் உலகப் போட்டிகளை வென்றிருக்கிறார்கள். லேத்காரனாக நான் ஒன்றுதான் சொல்வேன். பொத்தான் இழுத்த உருக்குக்குள் இறுக்கம் தங்கியிருக்கும். அதைச் சூட்டில் தணிக்காமல் வெளிப்புறத்தைச் சீவி ஒல்லியாக்கினால் உள் துளை விரிந்துகொடுக்கும். ஆகையால் பொத்தான் குழல் வாங்கினால், செய்தவனே இறுதி வடிவத்துக்குக் கடைந்ததை வாங்கு. தடித்த குழலை வாங்கி வேறொரு பட்டறையில் சீவச் சொல்லாதே.

குழல் கைக்கு வந்ததும் என்ன பார்க்க வேண்டும் என்று வெளிநாட்டுப் பட்டறையில் நான் பார்த்த வேலையிலிருந்து சொல்கிறேன். துளையைவிடச் சற்றே பெரிய மெதுவான ஈயக் குண்டு ஒன்றை எடு. எண்ணெய் தடவி, குழலின் பின்வாயில் வைத்து, சுழலும் பிடி கொண்ட துப்புரவுக் கம்பியால் நிதானமாகத் தள்ளு. கண்ணை மூடிக்கொள். கை பேசும். முழு நீளத்துக்கும் ஒரே இறுக்கம் இருந்தால் அது நல்ல குழல். முன்வாயை நெருங்க நெருங்கச் சிறிது இறுகினால் இன்னும் நல்லது. நடுவில் ஓரிடத்தில் திடீரென்று லேசாகி மறுபடி இறுகினால் அங்கே துளை அகன்றிருக்கிறது. முன்வாயில் லேசாகிவிட்டால் திருப்பி அனுப்பு, பேச்சே வேண்டாம். சன்னம் கடைசியாகத் தொட்டுப் பிரியும் இடத்தில் பிடி தளர்ந்தால் மற்ற இடமெல்லாம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் பிரயோசனமில்லை.

முன்வாயின் விளிம்பைக் கிரவுண் என்பார்கள். காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை உள்ளேவிட்டு, விளிம்பைச் சுற்றிச் சுற்றி வெளியே இழு. எங்காவது பஞ்சு நூலாகப் பிரிந்து மாட்டினால் அங்கே பிசிர். சன்னத்தின் அடிப்பக்கம் வெளியேறும் கணத்தில் பின்னாலிருந்து வரும் வாயு நாலாபக்கமும் ஒரே நேரத்தில் பிரிய வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் சன்னத்தின் வாலைத் தட்டிவிடும். சில தோட்டா சுட்ட பிறகு முன்வாயைப் பார். பள்ளத்துக்கு ஒன்றாகக் கரி வரிகள் பூப் போல விரிந்திருக்கும். எல்லா இதழும் ஒரே அளவில் இருந்தால் கிரவுண் சரி. ஒன்று நீண்டு ஒன்று குறுகியிருந்தால் பட்டறைக்குக் கொண்டுபோ. மறுபடி கடைவது சின்ன வேலை.

உருக்கைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. போட்டிக் குழல்களில் பெரும்பாலானவை 416ஆர் என்ற துருப்பிடிக்காத உருக்கு. குரோம்-மொலி உருக்கும் நன்றாகவே சுடும், ஈரத்தில் துரு பிடிக்கும் என்பதுதான். கார்பன் நார் சுற்றிய குழலைக் காட்டி மயக்குவார்கள். மலையேறி வேட்டைக்குப் போகிறவர்களுக்கு அது சரி, படுத்துக்கொண்டு சுடும் உனக்கு எதற்கு?

நீளம் 30 அங்குலம் எடு. .308இல் ஒவ்வொரு அங்குலத்துக்கும் வினாடிக்குச் சுமார் 20 அடி வேகம் கூடும். 1,000 யாரில் சன்னம் ஒலியின் வேகத்துக்கு மேலே இருக்கும்போதே தாளைத் தாண்டிவிட வேண்டும். ஒலியின் வேகத்தைக் கடந்து கீழே இறங்கும் இடத்தில்தான் பல சன்னங்கள் குழம்பிப் போகின்றன. சாதாரணக் குழலைவிடக் கூடுதலான நாலைந்து அங்குலம் வாங்கித் தருவது இதைத்தான். தடிப்பிலும் கஞ்சத்தனம் வேண்டாம். விட்டம் பத்து வீதம் கூடினால் விறைப்பு நாற்பத்தைந்து வீதத்துக்கு மேல் கூடும், சூடும் மெதுவாக ஏறும். ஆனால் டார்கெட் ரைபிளுக்கு 6.5 கிலோதான் எல்லை. மரம், பூட்டு, குறிக்கருவி எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்து, மிச்சம் எவ்வளவோ அவ்வளவு தடிப்பை வாங்கு.

பெரிய போட்டிகள் பலவற்றில் நடத்துகிறவர்களே தோட்டா தருவார்கள். உன் வீட்டில் நிரப்பிய தோட்டா அங்கே செல்லாது. தருகிற தோட்டா எப்படி இருந்தாலும் அடிக்க வேண்டும் என்பதால்தான் டார்கெட் ரைபிள் சுடுகிறவர்கள் துளையைச் சற்று இறுக்கமாகவும் தோட்டா அறையைத் தருகிற தோட்டாவுக்குப் பொருந்தவும் கேட்டு வாங்குகிறார்கள். இங்கே குழல் செய்தவனைவிட அதை உன் ரைபிளில் பூட்டுகிற துப்பாக்கிக் கம்மாளனுக்குத்தான் அதிகாரம். தோட்டா அறை துளையின் மையத்தோடு பிசகாமல் நிற்க வேண்டும். டயல் கேஜ் வைத்து, வெளிவட்டத்தை நம்பாமல் உள் துளையைப் பிடித்து மையப்படுத்துகிறாரா என்று கேள். முகம் சுளித்தால் வேறு ஆளைத் தேடு. காசு குறைவு என்றால் குழலில் ஒரு படி இறங்கு, பூட்டுகிறவனில் இறங்காதே.

குழல் கவ்வாத்துக் கத்தி மாதிரி, வேலை செய்யச் செய்யத் தேயும். அதை நகை போல வைத்துக்கொள்ளாதே. .308 என்றால் ஐயாயிரம் தோட்டாவை ஒட்டித் துல்லியம் தரும். 6.5 கிரீட்மோர் என்றால் அதில் பாதி. 6.5-284 போன்ற சூடான தோட்டா ஆயிரத்தை ஒட்டியே தோட்டா அறைக்கு முன்னுள்ள குழலின் தொண்டையை அரித்துவிடும். அதனால்தான் புதிதாக வருகிறவர்களுக்கு .308 நல்லது, காற்றைப் படிக்கப் பழகும் காலத்தில் குழல் மாற்றிக்கொண்டே இருக்க முடியாது. ஒரு கொப்பி வைத்து, சுட்ட ஒவ்வொரு தோட்டாவையும் எழுது. தாளில் ஓட்டைகளின் கூட்டம் விரிய ஆரம்பித்ததும் உன் கண்ணையும் மூச்சையும் குறைசொல்வதற்கு முன் கொப்பியைப் பார்.

பிஸ்லியின் ஸ்டிக்கிள்டவுன் திடலில் 1,000 யாருக்குப் படுக்கும்போது நல்ல குழல்காரியைவிடக் காற்றுக் கொடியைப் படிக்கத் தெரிந்தவள்தான் மேலே வருவாள். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு 1,000 யாரில் பத்தரை அங்குலம். குழல் அதில் பாதிக்குள் அடித்தாலும் நீ காற்றைத் தவறாகக் கணித்தால் பல அங்குலம் போய்விடும். குழலுக்கு வைத்த காசில் கொஞ்சத்தை மிச்சம் பிடித்துத் தோட்டாவுக்கும் போட்டிக் கட்டணத்துக்கும் வை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கேயே இருந்து இந்த விளையாட்டுக்கு வர ஆசைப்படும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. 1916ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. தனிப்பட்டவர் நீள்தூர ரைபிளும் குழலும் தேடி அலைவதில் அர்த்தமில்லை. எயார் ரைபிளில் தொடங்குங்கள். 1994இல் கனடாவின் விக்டோரியா நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டில் மாலி விக்கிரமசிங்கவும் புஷ்பமாலி ராமநாயக்கவும் இலங்கைக்குத் தங்கம் கொண்டுவந்தது பெண்களுக்கான எயார் ரைபிள் இரட்டையரில்தான். தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் வரை ஏறியதும் எயார் ரைபிளின் 10 மீட்டர் பிரிவில். அங்கே பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. குழலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஈய ரவையை வகைவகையாகச் சுட்டுப் பார்த்து உங்கள் குழலுக்குப் பிடித்த பெட்டியைக் கண்டுபிடிப்பதே போதும். அங்கே பழகிய மூச்சும் விசை விரலும் 1,000 யாருக்கும் கூடவே வரும்.

மருமகளே, கம்பனிக்கு எழுதும்போது இப்படி எழுது: .308, 155 கிரெயின் சன்னம், 13 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 30 அங்குல நீளம், 416ஆர், கடைந்து முடித்த வெளிவடிவம். மூவரில் யார் சீக்கிரம் தருகிறார்களோ அவர்களிடம் வாங்கு. காசு கட்டுமுன் பொலிஸ் அனுமதிப் பிரிவிடம் பேசிவிடு. பிரித்தானியாவில் ரைபிள் குழலும் உன் துப்பாக்கிச் சான்றிதழின் கட்டுப்பாட்டுக்குள் வரும் பொருள். பூட்டி முடிந்ததும் லண்டன் அல்லது பர்மிங்ஹாம் புரூஃப் ஹவுஸில் அழுத்தச் சோதனை முடித்து முத்திரை குத்தியிருக்கிறார்களா என்று பார். முத்திரையில்லாத குழலை அந்த நாட்டில் விற்கக் கூடாது.

உன் மாமா,
டிக்கோயா.